என்ன வரைவது என்று தெரியவில்லையா? கழுதையில் ஆரம்பியுங்கள்

பென்சிலை எடுத்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்தால் நம் கை தானாக என்ன வரையும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு மலை, நடுவில் பாதி சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் குடிசை, குடிசைக்குப் பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் டிக் மார்க் மாதிரி நாலு பறவை. நானும் பத்தாவது வரைக்கும் அதைத்தான் வரைந்தேன். ஒரே ஒரு முறை ஆற்றுக்கு நீலம் அடிக்காமல் மணல் நிறம் அடித்து, நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற மாதிரி வரைந்துவிட்டேன். நான் பார்த்த பாலாறு அப்படித்தான் இருந்தது. வாத்தியார் "ஆறு எங்கடா?" என்று கேட்டுப் பத்துக்கு மூன்று போட்டார்.

இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நோட்டோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இன்னாண்ணா வரையறது?" பெரியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கிறார்கள், அவ்வளவுதான். வரையத் தெரிந்தவனுக்கும் இந்த முழி உண்டு. அதனால் நான் இத்தனை நாளாகச் செய்து பார்த்ததில் எது வேலை செய்கிறது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. "கற்பனையா யோசி" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. ஏற்கெனவே இருக்கிற ஏதாவது ஒன்றை எடுங்கள், அதில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள், மிச்சத்தை அப்படியே ஒழுங்காக வரையுங்கள். நான் சொல்லப்போகிற எல்லா விளையாட்டும் இதேதான், எதை எடுக்கிறோம், எதை மாற்றுகிறோம் என்பதில் மட்டும் வேறுபடும். இரண்டை மாற்றினால் படம் குழம்பும். ஐந்தை மாற்றினால் பார்ப்பவர் "சரி, ஏதோ மாடர்ன் ஆர்ட்" என்று தாண்டிப் போய்விடுவார்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய நக்கல் உண்டு, இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் இன்னும் சில உருப்படிகளைச் சேர்ப்பார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981ல் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டதால் கடைசி உருப்படி செல்லாது. மற்றவை பெரும்பாலும் செல்லும். படம் வரைகிறவனுக்கு இந்த நக்கலை விட நல்ல பட்டியல் கிடைக்காது. ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் காணாமல் போயிருக்கிறது, அந்த இடம் காலியாக இருக்கிறது. அங்கே என்னத்தை வைப்பீர்கள்?

ஆற்றை எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது, அவ்வளவு அபூர்வம். சரி, தண்ணீர் இல்லை, வேறு என்ன ஓடலாம்? தொலைந்துபோன ஒற்றைச் செருப்புகள் எல்லாம் ஓடலாம். இட்லி மாவு ஓடலாம். பூனைகள் ஓடலாம், ஆயிரக்கணக்கில், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி. எங்கள் தெருவில் ஏழாவது படிக்கிற ஒரு பெண் ஸ்கூல் பைகளை ஓடவிட்டாள். பாலம் அப்படியே இருந்தது, பாலத்தில் பஸ், கரையில் கரண்ட் கம்பம், கம்பத்தில் காக்கா, எல்லாம் சரியாக வரைந்திருந்தாள். ஆனால் பாலத்தில் நின்ற ஆட்கள் எல்லோரையும் வாயைப் பிளந்துகொண்டு கை காட்டுகிற மாதிரி வரைந்திருந்தாள். அதை மட்டும் அழித்துவிட்டு, ஒருத்தர் போன் பேசுகிறார், ஒருத்தர் வேர்க்கடலை தின்கிறார் என்று மாற்றச் சொன்னேன். படம் அங்கேதான் தூக்கிக்கொண்டது. விசித்திரமான படத்துக்குள் இருக்கிற யாரும் அதை விசித்திரமாக நினைக்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால்கூடப் போதும்.

அடுத்தது பழமொழி. நாம் வாயைத் திறந்தால் படமாகத்தான் பேசுகிறோம், அதைக் கவனிப்பதில்லை. காதில் பூ சுற்றுகிறான், வாயாலேயே வடை சுடுகிறான், தலையில் மிளகாய் அரைக்கிறான், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருக்கிறாள், மனக்கோட்டை கட்டுகிறான். சொன்னது சொன்னபடி வரையுங்கள். மனக்கோட்டைக்கு நம் கோட்டையே இருக்கிறது, அகழியோடு ஒருத்தர் தலைமேல் வைத்துவிடலாம். அகழித் தண்ணீர் காது வழியாக ஒழுகும், அவர் துண்டால் துடைத்துக்கொண்டே டீ குடிப்பார்.

எனக்குப் பிடித்தது 'கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை'. ஒரு பழமொழியில் முழு அனிமேஷன் ஒளிந்திருக்கிறது. ஒரு நீளத் தாளில் ஏழு கட்டம் போடுங்கள். ஒன்றில் கழுதை, ஏழில் கட்டெறும்பு. இப்போது இரண்டுக்குப் போகாதீர்கள், நேராக நாலாவது கட்டத்துக்குப் போங்கள். பாதிக் கழுதை, பாதி எறும்பு எப்படி இருக்கும் என்பதுதான் கஷ்டமான கேள்வி, அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற நாலும் தானாக வரும். வரிசையாக வரைந்துகொண்டு போனவர்கள் எல்லோரும் ஆறாவது கட்டத்தில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், திடீரென்று எறும்பாக்க வேண்டிய அவசரம் வந்துவிடும்.

நாலாவதில் எனக்கு வந்த சிக்கல் கால். கழுதைக்கு நாலு கால், எறும்புக்கு ஆறு. மிச்சம் இரண்டு எங்கிருந்து வரும்? காதை எடுக்கலாம் என்று பார்த்தேன், ஆனால் காது கொம்புமாதிரி நீளமாகி எறும்பின் உணர்கொம்பாக மாறத்தான் வசதி, அதை வேறு வேலைக்கு அனுப்ப மனசு வரவில்லை. வாலை எடுத்தால் ஒன்றுதான் கிடைக்கும். இரண்டு நாள் அப்படியே கிடந்தது. அப்புறம் முதல் கட்டத்தில் கழுதை முதுகில் ஒரு பொதி ஏற்றினேன், பொதியைக் கட்டிய கயிறு இரண்டு பக்கமும் தொங்கியது. இரண்டாவது கட்டத்தில் கயிறு கொஞ்சம் விறைத்தது. மூன்றாவதில் அதில் ஒரு முட்டி வந்தது. நாலாவதில் அது தரையைத் தொட்டுவிட்டது. பொதிமூட்டை அப்படியே பின்னுக்கு நகர்ந்து எறும்பின் வயிறாகிவிட்டது. கயிற்றை நான் யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது, ஆறு காலை எண்ணிப் பார்த்ததால் வந்தது. எறும்புக்கு எத்தனை கால் என்று பார்க்காமல் ஏதோ நாலைந்து கோடு இழுத்திருந்தால் அந்தப் பொதியே வந்திருக்காது. அதனால் கற்பனைப் படத்துக்குத்தான் நிஜத்தை அதிகமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது, எறும்பைச் சர்க்கரை போட்டுக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாருங்கள்.

இதை நம் சிற்பிகள் எப்போதோ செய்துவிட்டார்கள். கோட்டைக் கோயிலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் கல்யாண மண்டபம் இருக்கிறது, தூணுக்குத் தூண் யாளியும் குதிரையும். எல்லோரும் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். ஒரு அரை மணி நேரம் யாளிக்கு எதிரில் உட்கார்ந்து பாருங்கள். சிங்கத்தின் உடம்பு, யானைத் துதிக்கையையும் தந்தத்தையும் வாங்கிக்கொண்ட முகம், பிதுங்கிய கண். ஒவ்வொரு உறுப்பும் எங்கேயோ பார்த்த உறுப்புதான், சேர்த்தவிதம்தான் புதுசு. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் தாராசுரத்தில், இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலில், இன்னும் கெட்டிக்காரத்தனமான ஒன்று உண்டு. ஒரே தலை, இரண்டு உடம்பு. கையால் ஒரு பக்கத்தை மறைத்தால் யானை, மறு பக்கத்தை மறைத்தால் காளை. ரிஷபகுஞ்சரம் என்பார்கள்.

நீங்களும் ஒன்று செய்ய ஆசைப்பட்டால், எந்த இரண்டைச் சேர்ப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் எந்த இடத்தில் ஒட்டும் என்று பாருங்கள். ஷேர் ஆட்டோவுக்கும் தவளைக்கும் முன்பக்கம் ஒட்டும், இரண்டு கண்ணும் விளக்கும். முள்ளம்பன்றிக்கும் எங்கள் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கும் பேரிலேயே ஒட்டு இருக்கிறது. இந்தக் கத்தரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தையில் வாங்கும்போது காம்பில் விரல் படாமல் எடுக்க வேண்டும், அவ்வளவு முள். அந்தப் பச்சைக் காம்புத் தொப்பியைப் பார்த்தாலே அது யாரோ ஒருவருடைய தலை என்று தோன்றாவிட்டால் கொஞ்சம் நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இத்தாலிக்காரர் அர்சிம்போல்டோ 16ஆம் நூற்றாண்டில் இதையேதான் செய்து பிழைத்தார், காய்கறியையும் பழத்தையும் அடுக்கி மனித முகம். தான் வேலை பார்த்த பேரரசர் இரண்டாம் ருடால்ஃபையே அப்படி வரைந்தார், கன்னத்துக்கு ஆப்பிள், மூக்குக்குப் பேரிக்காய். நம் வீட்டுக் காய்கறிக் கூடையில் கத்தரி, முருங்கை, பாகற்காய், சின்ன வெங்காயம் எல்லாம் இருக்கும்போது உங்கள் மாமாவையோ சித்தப்பாவையோ வரைந்துவிடலாம். மீசைக்கு முருங்கைக்காய் வைத்தேன் நான், ஒரு மாசம் அவர் பேசவில்லை.

என் வேலையில் கிடைத்த வழி ஒன்று சொல்கிறேன். தோல் என்பது துணி மாதிரி நேர் நேராக வராது, ஆட்டின் உடம்பு எப்படியோ அப்படித்தான் வரும். கழுத்து, வயிறு, கால் பக்கமெல்லாம் கோணல் மாணல். அதில் டை என்கிற இரும்பு வெட்டு அச்சை வைத்து ஷூவின் மேல்பாகத்தை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சுகிற துண்டுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. கேட்டுவிட்டு ஒரு பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு துண்டை நோட்டில் வைத்துச் சுற்றிக் கோடு போட வேண்டியது, அப்புறம் நோட்டைத் திருப்பித் திருப்பி நாலு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டியது. போன வாரம் ஒரு துண்டு, மேலே இரண்டு முனை, பக்கத்தில் அரைவட்டமாக டை வெட்டிய பள்ளம். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒரு திருப்புத் திருப்பினால் கிழிந்த பனியன். இன்னொரு திருப்பிலும் ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருந்த பையன் ஒருத்தன், "அண்ணா, இன்னொருக்கா திருப்பு" என்றான். மூன்றாவது திருப்பில் அந்தப் பள்ளம் ஒரு முதுகின் வளைவாகி, ஒரு கிழவி குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. ஒரு பாட்டில் மூடியில் பாதி அளவுக்கு ஒரு கொண்டை வைத்தோம், முடிந்தது, கிழவி வந்துவிட்டாள். அவள் என்ன தேடுகிறாள் என்பதில் அரை மணி நேரம் சண்டை. கடைசியில் நிழலைத் தேடுகிறாள் என்று ஒத்துக்கொண்டார்கள், வேலூர் வெயிலில் அது நியாயம்தான்.

தோல் துண்டுக்கு நீங்கள் ராணிப்பேட்டை வரவேண்டியதில்லை. கிழிந்த தோசை போதும், சுண்ணாம்பு பெயர்ந்த சுவர் போதும். லியனார்டோ டாவின்சி 500 வருஷத்துக்கு முன்னாலேயே கறை படிந்த சுவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், மலையும் ஆறும் போர்க்களமும் விதவிதமான முகங்களும் அதில் தெரியும் என்று. இதில் ஒரு நுணுக்கம், கண்ணை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். ஒரே உருவத்தில் கண்ணை இடது மூலையில் வைத்தால் வாத்து, நடுவில் வைத்தால் திமிங்கலம். அதனால் வெளிக்கோட்டைப் பேனாவில் போட்டுவிடுங்கள், கண்ணை மட்டும் பென்சிலில் நாலு இடத்தில் வைத்து வைத்து அழியுங்கள். பேனாவில் கண் வைத்துவிட்டால் அப்புறம் அது வாத்துதான்.

எங்கள் ஆயா போட்ட விடுகதைகளும் இப்போது இதற்கு உதவுகின்றன. 'ஊசி நுழையாத கிணற்றிலே ஒரு படி தண்ணீர்.' விடை தேங்காய். ஆனால் விடையை வரையக் கூடாது, விடுகதையை வரையுங்கள். கிணறு, ராட்டினம், கயிறு, குடத்தோடு வரிசையில் நிற்கிற பெண்கள், எல்லாம் ஒரு தேங்காயின் மேல், மூன்று கண்ணில் ஒரு கண்தான் கிணற்று வாய். 'ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்' என்பதற்குத் தேன்கூடு விடை. மண்டபத்துக்கு வேண்டுமானால் கோட்டைக் கோயிலுக்கே மறுபடி போய்த் தூணைப் பார்த்துக்கொள்ளலாம், தச்சர்களுக்கு இறக்கை, காதில் பென்சில்.

அளவை மாற்றுவது எல்லாருக்கும் தெரிந்த வழிதான், அதிகம் சொல்ல வேண்டாம். ஆனால் வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துத் திருவிழா பார்த்தவர்களுக்கு அதற்கு ஒரு கண் ஏற்கெனவே இருக்கும். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் படுத்த வாக்கில் செய்து வைப்பார்கள், திடல் நீளத்துக்கு. சின்ன வயதில் அவன் கை விரலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை, விரலே என் இடுப்பு உயரம் இருந்த மாதிரி நினைவு. அதனால் எதையாவது பெரிதாக்குவது என்றால் படுக்கவைத்துப் பெரிதாக்குங்கள். நிற்கிற ராட்சசன் சினிமா மாதிரி ஆகிவிடுவான். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் ஒரு கத்தரிக்காய் குறுக்கே படுத்திருக்கிறது, டிராபிக் போலீஸ் வண்டிகளைச் சுற்றிப் போகச் சொல்லிக் கை காட்டுகிறார், ஒருத்தர் அதன் நிழலில் இளநீர் கடை போட்டுவிட்டார். போதும்.

கூட்டமாக இருந்தால் மடிப்பு விளையாட்டு. ஒரு தாளை மூன்றாக மடித்து முதல் ஆள் தலை, அடுத்தவர் உடம்பு, மூன்றாவது ஆள் கால். முன்னால் வரைந்ததைப் பார்க்கக் கூடாது, கோடு மட்டும் மடிப்பைத் தாண்டி ஒரு நகக்கண் அளவு எட்டிப் பார்க்க வேண்டும், அடுத்தவர் அங்கிருந்து பிடித்துக்கொள்வார். 1920களில் பாரிஸில் சர்ரியலிசக் கலைஞர்கள் உட்கார்ந்து விளையாடியது இது. எங்கள் தெருவில் இதற்குப் பேர் 'தல ஒடம்பு காலு'. கோடு எட்டிப் பார்க்க விடாமல் மடித்துக் கொடுக்கிற பயல் ஒருவன் எல்லாத் தெருவிலும் இருப்பான், அவனுக்கு எப்போதும் தலை கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனியுங்கள்.

இதெல்லாம் யாராவது கூட இருந்தால், அல்லது கையில் ஏதாவது கிடைத்தால். ராத்திரி பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்து ஒன்றும் ஓடவில்லை என்றால் நான் போகிற இடம் நாள்காட்டி. தினம் கிழிக்கிற அந்தக் காலண்டர்த் தாளில் கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஒரு ஒரு வார்த்தையில் பலன் போட்டிருக்கும் பாருங்கள், மேஷம் அலைச்சல், ரிஷபம் வரவு, மிதுனம் பயம் என்று. யாரோ நமக்காகத் தினமும் பன்னிரண்டு வார்த்தை தேர்ந்தெடுத்து அச்சடித்துக் கொடுக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றில் விரலை வையுங்கள். அப்புறம் சமையலறையில் முதலில் கண்ணில் படுகிற பாத்திரத்தையோ பொருளையோ எடுங்கள். அந்தப் பலன் அந்தப் பொருளுக்கு. அலைச்சல், இட்லிக் குண்டான். பகை, இடியாப்ப அச்சு. ஆதரவு, கரண்டி. இரண்டையும் வைத்துக்கொண்டு, இந்தப் பொருளுக்கு இன்று காலையிலிருந்து என்ன நடந்தது என்று கேளுங்கள். முதலில் தோன்றுவதை விட்டுவிடுங்கள், அது எல்லோருக்கும் தோன்றுவதாகத்தான் இருக்கும். அலைச்சல் என்றதும் குண்டானுக்குக் கால் முளைக்கும், அது வேண்டாம். இரண்டாவதும் சுமார்தான். மூன்றாவதை வரையுங்கள். வரைவதற்கு அந்தத் தாளின் பின்பக்கமே போதும், சின்னத் தாள், பயம் இருக்காது, கெட்டுப்போனால் நேற்றைய தேதியோடு போகட்டும். நல்ல டிராயிங் நோட்டு வாங்கி வைத்துவிட்டு அதன் முதல் பக்கத்தைக் கெடுக்க மனசில்லாமல் வருஷக்கணக்கில் வைத்திருப்பவர்கள் எனக்கே நாலு பேர் தெரியும். அவர்களிடம் நான் சொல்வது, ஏழாவது பக்கத்தில் ஆரம்பியுங்கள் என்று.

நேற்றுக் கிழித்த தாளில் என் விரல் கன்னியில் விழுந்தது. தாமதம். எதிரில் இருந்தது இருபது லிட்டர் தண்ணீர்க் கேன். முதலில் தோன்றியது, கேன் போடுகிற பையன் லேட்டாக வருவது, விட்டேன். இரண்டாவது, கேன் ஒரு பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பது, அதையும் விட்டேன். மூன்றாவதாக, காய்ந்த பாலாற்று மணலில் அந்தக் கேன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, மணலில் பாதி புதைந்த ஒரு பழைய படகு அதைப் பார்த்து "இப்பதான் வர்றியா?" என்கிறது. படகின் முகம் இன்னும் சரியாக வரவில்லை. கண்ணைப் பென்சிலில்தான் வைத்திருக்கிறேன்.